எக்ஸ்.ஓ, குரோம்புக், பாவித்த திங்க்பேட்: உப்புக்காற்றில் எது நின்றுபிடிக்கும்?

"ஐ3 ஆ, ஐ5 ஆ? ரேம் எத்தனை ஜிபி?" லப்டொப் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது இது. கேட்க வேண்டியதுதான். ஆனால் திருகோணமலையில் வேகம் போதாமல் செத்த லப்டொப்பை நான் அதிகம் கண்டதில்லை. உப்புவெளிப் பக்கமோ உட்துறைமுக வீதிப் பக்கமோ, கடலை அண்டிய வீடென்றால் சார்ஜர் செருகுகிற வாய்க்குள் பச்சை பூத்துவிடும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மணலும் தூசியும் விசிறிக்குள் போய் அடைந்து, ஒரு யூடியூப் வீடியோவுக்கே மடியில் வைக்க முடியாதபடி சுடும். மாரியில் கரண்ட் போய்ப் போய் வரும். சிலவேளை வருகிற வேகத்தில் சார்ஜரையும் கொண்டுபோய்விடும். இத்தனைக்கும் தப்பிய மெஷின், ஒருநாள் மூடியைத் திறக்கும்போது 'டக்' என்று கீல் பிடுங்கிக்கொண்டு நிற்கும்.

இப்படியான ஊர்களை மனதில் வைத்தே மலிவாகவும் முரட்டுத்தனமாகவும் லப்டொப் செய்யவேண்டும் என்று இருபது வருடத்துக்கு முன் சிலர் இறங்கினார்கள். அந்த யோசனையின் கவர்ச்சி எனக்கு இன்னும் விட்டுப்போகவில்லை. அதனால்தான் இந்த ஒப்பீடு. ஒரு பக்கம் வளரும் நாடுகளுக்கென்றே பிறந்த எக்ஸ்.ஓ. அதற்குப் போட்டியாக வந்த இன்டெல் கிளாஸ்மேட்டும் அசூஸ் ஈ பிசியும். இன்று அந்த இடத்தில் நிற்கிற, கூகுள் மென்பொருளில் பெரும்பாலும் இணையத்தை நம்பி ஓடுகிற பாடசாலைக் குரோம்புக். மறு பக்கம், யாரும் எங்களுக்கென்று செய்யாமலே எங்கள் கைக்கு வந்து சேர்கிற பாவித்த கந்தோர் லப்டொப். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: செய்த விதத்தில் எக்ஸ்.ஓவை மிஞ்ச இன்றுவரை ஆளில்லை. காசு கொடுத்து வாங்குவதென்றால் அந்தக் கந்தோர் லப்டொப்புகளில் ஒன்றான பாவித்த திங்க்பேட்டுக்குத்தான் கொடுப்பேன்.

பச்சைக் காது வைத்த பெட்டி

2005 ஜனவரியில் டாவோஸ் மாநாட்டில் எம்.ஐ.டி.யின் நிக்கலஸ் நெக்ரோபொண்டே நூறு டொலர் லப்டொப் பற்றிப் பேசினார். 'பிள்ளைக்கு ஒரு லப்டொப்' என்பது திட்டத்தின் பெயர், அதில் பிறந்த மெஷின்தான் எக்ஸ்.ஓ. அதே வருடம் நவம்பரில் துனிஸில் நடந்த ஐ.நா. தகவல் சமூக மாநாட்டில், அப்போதைய ஐ.நா. செயலாளர் நாயகம் கோபி அன்னானோடு மேடையேறி மாதிரி மெஷினைக் காட்டினார்கள். கரண்ட் இல்லாத இடத்துக்கென்று பக்கத்தில் ஒரு கைப்பிடி. அதைச் சுற்றினால் சார்ஜ் ஏறும் என்றார்கள். அன்னான் சுற்ற, கைப்பிடி கழன்று வந்துவிட்டது. சந்தைக்கு வந்த மெஷினில் அந்தக் கைப்பிடியே இல்லை. நல்லதாய்ப் போயிற்று, சுற்றிக் களைத்த பிள்ளை பிறகு எங்கே படிக்கிறது?

2007 நவம்பரில் தாய்வானின் குவான்டா நிறுவனம் உற்பத்தியைத் தொடங்கியபோது ஒன்றின் விலை 188 டொலரைத் தொட்டிருந்தது. நூறு கடைசிவரை வரவேயில்லை. உள்ளே 433 மெகாஹேர்ட்ஸ் ஏ.எம்.டி. சிப், 256 எம்.பி. ரேம், 1 ஜிபி சேமிப்பு. அந்தக் காலத்துக்கே இது மெலிவு. ஆனால் இந்த எண்களை மட்டும் பார்த்தால் மெஷினின் சாமர்த்தியம் தெரியாது.

உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதியில், தொண்டு நிறுவனத்தில் வேலை செய்த ஒருவரிடம் இருந்ததைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். முதலில் கவனித்தது காதுகளை. வைஃபை அன்டெனாக்கள் இரண்டு, முயல் காதுபோல மேலே நிமிரும். அவற்றை மடக்கினால் பக்கத்திலிருக்கிற யூ.எஸ்.பி. வாய்கள் மூடிக்கொள்ளும், அதே காதுதான் மூடியைப் பூட்டுகிற தாழ்ப்பாளும். ஒரு உறுப்புக்கு மூன்று வேலை. கீபோட் முழுவதும் ஒரே இறப்பர் விரிப்பு. சாவிகளுக்கு இடையில் இடுக்கே இல்லை, மணலோ தேநீரோ உள்ளே இறங்க வழியில்லை. விசிறி கிடையாது, சுழலும் ஹார்ட் டிஸ்க் கிடையாது. அசைகிற பாகம் இல்லாததால் அடைபடவும் தேயவும் ஒன்றுமில்லை. வெளி ஓடு 2 மில்லிமீற்றர்த் தடிப்பு. வழக்கமான லப்டொப்புகளில் அது 1.3 அளவில்தான்.

பிறகு அதைக் கடற்கரைப் பக்க விறாந்தைக்குக் கொண்டுபோனோம். மத்தியான வெயில். எங்கள் கைத்தொலைபேசிகள் எல்லாம் கறுப்புக் கண்ணாடியாகிப் போன வெளிச்சத்தில், இதன் பின்விளக்கை அணைத்தவுடன் எழுத்து பத்திரிகையில் அச்சடித்ததுபோலத் தெளிவாக வந்தது. நிறம் போய்க் கறுப்பு வெள்ளை மட்டும். ஆனால் வெயில் கூடக்கூட வாசிப்பதும் சுகமாகிறது. மேரி லூ ஜெப்சன் வடிவமைத்த இந்த 7.5 அங்குலத் திரை 1200க்கு 900 புள்ளிகள் கொண்டது. இன்று புது லப்டொப் வாங்கி நிலாவெளிக் கடற்கரையில் இருந்து வாசிக்கப் பாருங்கள், உங்கள் முகம்தான் தெரியும்.

கரண்ட் விஷயத்தில் இன்னும் ஒருபடி மேலே. 11 முதல் 18 வோல்ட் வரை எந்த நேர்மின்னோட்டத்தையும் நேராகவே வாங்கிக்கொள்ளும். கார் பற்றரி, சிறிய சூரியப் பலகை, எதிலும் கொளுவலாம். பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் கொளுவினாலும் சாகாது. 40 வோல்ட் வந்தாலும் தாங்கிக்கொள்ளும்படி சுற்றைக் கட்டியிருந்தார்கள். வேலை செய்யும்போது எடுப்பது சில வாட் மட்டுமே. 2022இல் நாங்கள் பட்ட பாட்டில், ஒருநாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை மின்வெட்டு அறிவித்த நாட்களில், இப்படி ஒரு மெஷின் மேசையில் இருந்திருந்தால் என்று எத்தனை தரம் நினைத்திருப்பேன்.

இவ்வளவு புகழ்கிறவர் ஏன் வாங்கவில்லை என்று கேட்பீர்கள். வாங்க முடியாது, அதுதான் காரணம். அரசாங்கங்கள் இலட்சக்கணக்கில் எடுக்கும் என்ற கணக்கில் செய்த பொருள் அது. 2007 கடைசியில் 399 டொலர் கட்டினால் ஒன்று உங்களுக்கு, ஒன்று வறிய நாட்டுப் பிள்ளைக்கு என்று ஒரு விற்பனை நடந்தது. அதுவும் வட அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு. ஆக, வளரும் நாட்டுக்கென்று செய்த மெஷினை வளரும் நாட்டில் கடைக்குப் போய் வாங்க வழியில்லை. இலங்கையிலும் உலக வங்கி உதவியோடு சில பாடசாலைகளில் பரீட்சித்தார்கள். அந்த அளவோடு நின்றது. இந்தியா 2006இலேயே வேண்டாம் என்றுவிட்டது.

உருகுவே மட்டும் 2007இல் தொடங்கி 2009க்குள் அரச ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகள் எல்லாருக்கும் கொடுத்து முடித்தது. சின்ன நாடு, இணைய இணைப்பையும் பழுதுபார்ப்பையும் திட்டத்தோடு சேர்த்தே கட்டினார்கள். பெரு எட்டு இலட்சத்துக்கும் மேல் வாங்கியது. அங்கே அமெரிக்க நாடுகளுக்கிடையிலான அபிவிருத்தி வங்கி செய்த ஆய்வு 2012இல் வந்தபோது, கணிதத்திலோ மொழியிலோ புள்ளி கூடியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தார்கள். பெட்டி தாங்கியது, பாடம்தான் ஏறவில்லை. பொதுவான சிந்தனைத் திறனில் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. அதைப் பலர் சொல்லாமல் விடுவார்கள்.

போட்டிக்கு வந்த இருவர்

கிளாஸ்மேட்டை இன்டெல் 2006இல் கொண்டுவந்தது. எக்ஸ்.ஓவுக்குள் இருந்தது இன்டெலின் போட்டிக் கம்பனியான ஏ.எம்.டி.யின் சிப் என்பதை இங்கே மறக்கக்கூடாது. 2007 ஜூலையில் இன்டெல் நெக்ரோபொண்டேயின் அமைப்பிலேயே சேர்ந்தது; 2008 ஜனவரியில் சண்டை பிடித்துக்கொண்டு வெளியேறியது. மெஷின் மோசமில்லை: பிடித்துத் தூக்கக் கைப்பிடி, தண்ணீர் பட்டால் தாங்கும் கீபோட், விண்டோஸ் ஓடும். போர்த்துக்கல் அதை 'மகல்யாயிஷ்' என்று பெயர் மாற்றிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது. ஆனால் வெயிலில் தெரியாத சாதாரணத் திரை, உள்ளே விசிறி. கல்வி அமைச்சுகளின் பழக்கத்துக்கு ஏற்ற மெஷின் என்பேன். எங்கள் வெக்கைக்கும் மணலுக்கும் அதில் ஒரு விசேடமும் இல்லை.

ஈ பிசி வேறு கதை. 2007 ஒக்டோபரில் 7 அங்குலத் திரை, 4 ஜிபி சேமிப்பு, விண்டோஸுக்குப் பதிலாக இலவச லினக்ஸ் இயங்குதளம் என்று வந்து, கடையில் யாரும் வாங்கலாம் என்ற ஒரே காரணத்தால் எக்ஸ்.ஓவின் கனவைக் காலடியில் போட்டு மிதித்தது. மலிவு லப்டொப்புக்குச் சந்தை உண்டென்று மற்றக் கம்பனிகளுக்குக் காட்டிக்கொடுத்தது நெக்ரோபொண்டே. காசு பார்த்தது அசூஸ். முரட்டுத்தனம் மட்டும் அந்த வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது. ஒல்லிப் பிளாஸ்டிக், ஒல்லிக் கீல். இன்று கடைகளில் மலிவு என்று விற்பவை பெரும்பாலும் அந்தப் பரம்பரை.

குரோம்புக்: பாடசாலை மேசைக்குச் சரி

பாடசாலைகளுக்கென்று ஏசர், லெனோவோ, டெல் செய்கிற 11 அங்குலக் குரோம்புக்குகளை எடுத்துப் பார்த்தால் எக்ஸ்.ஓவின் சில நல்ல குணங்கள் திரும்பி வந்திருப்பது தெரியும். சுற்றிவர இறப்பர் விளிம்பு. பெரும்பாலானவற்றில் விசிறி இல்லை, ஆகவே கச்சான் மணலுக்குப் பயமில்லை. பிள்ளைகள் நகத்தால் கிளப்ப முடியாதபடி சாவிகளை உள்ளே பிடித்துவைத்திருப்பார்கள். 330 மில்லிலீற்றர் தண்ணீர் ஊற்றினாலும் வடிந்துபோகும் என்று ஏசர் சில மொடல்களுக்குச் சொல்கிறது. மேசையிலிருந்து விழுந்தால் தாங்கும்.

அமெரிக்க இராணுவத் தரம் 810 என்று பெட்டியில் போட்டிருக்கும். அதைக் கண்டு மயங்க வேண்டாம். 810 என்பது ஒரே பரீட்சை இல்லை, பல பரீட்சைகளின் தொகுதி. எவற்றுக்குத் தோற்றுவது என்பதைக் கம்பனியே தெரிவுசெய்யும். விழுத்திப் பார்ப்பார்கள், குலுக்கிப் பார்ப்பார்கள், சூட்டில் வைப்பார்கள். உப்புப்புகைக்கு என்றே அதில் 509 என்ற தனிப் பரீட்சை உண்டு. லப்டொப் விளம்பரங்களில் அந்த இலக்கத்தை அபூர்வமாகவே காணலாம். திருகோணமலைக்காரருக்கு வேண்டியதோ அதுதான்.

ஏனென்றால் உப்பு தனியே ஒன்றும் செய்யாது. காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டும்போது சாப்பாட்டு உப்பு காற்றிலிருக்கிற நீரை உறிஞ்சித் தானே கரைந்து திரவமாகிவிடும். கச்சான் காலத்தில் பகலில் காய்ந்த தூளாய்க் கிடக்கிற படலம், வாடைக்காற்றும் மழையும் தொடங்கியவுடன் மின்சாரம் கடத்துகிற ஈரமாக மாறுகிறது. அதில் கரண்ட் பாய்ந்தால் செம்பு அரிக்கும். லப்டொப்பைப் பாதுகாப்பாக என்று அலுமாரிக்குள் பூட்டி வைக்கிற வீடுகளில்தான் இது கூட நடக்கிறது. தினமும் ஒரு மணித்தியாலம் ஓடுகிற மெஷின் தன் சூட்டிலேயே உள்ளே காய்ந்துகொள்ளும். பூட்டித்தான் வைப்பேன் என்றால் மூடுகிற பிளாஸ்டிக் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் சிலவற்றைப் போட்டு வையுங்கள். குரோம்புக்கோ திங்க்பேட்டோ, இது எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

குரோம்புக்கில் எனக்கு ஒத்துவராதது மூன்று. முதலாவது ஆயுள். கூகுள் ஒவ்வொரு மொடலுக்கும் அப்டேட் முடிகிற திகதி வைத்திருக்கிறது. 2021 முதல் வெளிவந்தவற்றுக்குப் பத்து வருடம் என்று 2023இல் அறிவித்தார்கள், நல்ல காரியம். ஆனால் வெளிநாட்டுப் பாடசாலைகள் கழித்துவிட்டதை மலிவாக வாங்கினால், அந்தத் திகதி ஏற்கனவே முடிந்திருக்கலாம். இரண்டாவது, ரேமும் சேமிப்பும் பெரும்பாலும் மதர்போட்டிலேயே ஒட்டியிருக்கும். 4 ஜிபி என்றால் சாகும்வரை 4 ஜிபிதான். மூன்றாவது பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துரு. எங்கள் பாடசாலைகளில் சுற்றுகிற பழைய வினாத்தாள்களும் கோயில் அறிவித்தல்களும் சங்கக் கடிதங்களும் இன்னமும் பாதிக்கு மேல் பாமினி எழுத்துருவில்தான் கிடக்கின்றன. விண்டோஸில் எழுத்துருவைப் போட்டால் திறக்கும். கூகுள் டொக்ஸில் சொந்த எழுத்துரு ஏற்ற முடியாது. வினாத்தாள் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். தமிழ் தட்டச்சு என்று பார்த்தால் தமிழ்99 முதல் உச்சரிப்பு முறைவரை குரோம்புக்கில் நன்றாகவே இருக்கிறது. வலி பழைய கோப்புகளில்தான்.

கந்தோரிலிருந்து ஓய்வுபெற்று வருகிறவை

இனி நான் காசு கொடுக்கிற பக்கம். வெளிநாட்டுக் கம்பனிகள் மூன்று நாலு வருடம் பாவித்துவிட்டுக் கழிக்கிற லெனோவோ திங்க்பேட், டெல் லாட்டிடியூட், எச்.பி. எலைட்புக். கொள்கலனில் கொழும்புக்கு வந்து அங்கிருந்து எங்கள் கடைகளுக்கு வருகின்றன. புதியதன் பாதி விலை, பேரம் தெரிந்தால் அதற்கும் கீழே. 2022 தொடக்கத்தில் இருநூறு ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்துக்குள் முந்நூற்று அறுபதைத் தொட்டபோது, நாற்பதாயிரமாக இருந்த 200 டொலர் எழுபத்திரண்டாயிரமாகியது. புது மெஷின் எட்டாக்கனியான அந்த வருடத்தில்தான் ஊரில் பலர் பாவித்ததன் பக்கம் திரும்பினார்கள்.

மலிவு மெஷினுக்கும் இதற்கும் வித்தியாசம் எங்கே என்று பார்க்க ஆசையென்றால், ஒரு பழுதுபார்க்கும் கடையில் அரை மணித்தியாலம் இருங்கள். கிண்ணியாவிலிருந்து ஒரு தாய் மகனின் லப்டொப்பைக் கொண்டு வந்தார். புதிதாக வாங்கி இரண்டாம் வருடம், மூடி ஒரு பக்கம் வாய் பிளந்து நின்றது.

"தம்பி, பிள்ளை விழுத்தவேயில்லை. திறக்கேக்க உடைஞ்சிட்டுது" என்றார்.

"விழுத்தத் தேவையில்லை அக்கா. மெஷினுக்கு ஒண்டுமில்லை, பிளாஸ்டிக்தான் போயிற்றுது" என்றபடி கடைக்காரர் அடிப்பக்கத்தைக் கழற்றிக் காட்டினார். கீலைப் பிடிக்கிற திருகாணிகள், பென்சில் நுனியளவு பிளாஸ்டிக் தூண்களுக்குள் பதித்த சின்னப் பித்தளைச் சுரைகளில் இறங்கியிருந்தன. ஈரத்தில் கீல் இறுக இறுக, திறக்கிற விசை முழுவதும் அந்தத் தூண்களில் ஏறி, மூன்றும் வேரோடு கழன்று வந்திருந்தன. அரல்டைட் குழைத்து வைத்து, இரண்டு நாள் திறக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். அது நிரந்தர வைத்தியம் இல்லை என்று அவருக்கும் தெரியும், அந்தத் தாய்க்கும் தெரியும்.

கந்தோர் லப்டொப்புகளில் கீல் பிடிக்கிற இடம் இப்படி மெலிவாக இருக்காது. கம்பனிகளுக்கு மொத்தமாக விற்று, பழுதானால் உத்தரவாதத்தில் தானே திருத்திக் கொடுக்க வேண்டிய பொருள் என்பதால் தயாரிப்பாளருக்கே அதில் அக்கறை. திங்க்பேட்டின் கீபோட்டுக்கு அடியில் வடிகால் ஓட்டை உண்டு. தேநீர் ஊற்றுப்பட்டால் அடிவழியே வெளியே போகும். உடனே அணைத்துவிட்டுக் கவிழ்க்க வேண்டும், அது வேறு.

எல்லாவற்றையும்விடப் பெரியது, திறக்கலாம் என்பது. லெனோவோ ஒவ்வொரு திங்க்பேட்டுக்கும் எந்தத் திருகாணியை எந்த வரிசையில் கழற்றுவது என்று பராமரிப்புக் கைநூலைப் பகிரங்கமாகவே போட்டிருக்கிறது. டி480 என்ற 2018ஆம் ஆண்டு மொடலை எடுத்தால் ரேமுக்கு இரண்டு குழி, டிஸ்க் மாற்றலாம், கீபோட்டைத் தனியே கழற்றிப் போடலாம். பற்றரி இரண்டு: ஒன்று உள்ளே, ஒன்று பின்னால். பின்னாலிருப்பதை மெஷின் ஓடும்போதே கழற்றிச் சார்ஜ் ஏறிய இன்னொன்றைப் போடலாம். மின்வெட்டு ஊருக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு இல்லை. அடுத்த வருடம் வந்த டி490இல் அந்த வெளிப் பற்றரியையும் ஒரு ரேம் குழியையும் எடுத்துவிட்டார்கள். மெல்லியதாக வேண்டுமாம்! ஆயிரக்கணக்கில் கழித்துவிடப்படும் மொடல் என்பதால் உதிரிப்பாகமும் கிடைக்கும்; செத்த டி480 ஒன்றிலிருந்து உயிருள்ள இன்னொன்றுக்கு எதையும் மாற்றலாம். எக்ஸ்.ஓவும் பிள்ளைகளே கழற்றக்கூடியதாகத்தான் செய்யப்பட்டது. ஆனால் கழற்றிய பிறகு போடுவதற்குப் பாகம் எங்கே?

எக்ஸ்.ஓ ஆட்கள் உடையாத மெஷினைத் தேடினார்கள். எங்களுக்கு வேண்டியது உடைந்தால் மத்திய வீதியில் திருத்தக்கூடிய மெஷின்.

தோற்கிற இடங்களையும் சொல்லவேண்டும். விசிறி இருக்கிறது, ஆகவே வருடத்துக்கு ஒருமுறையாவது திறந்து ஊதித் துடைக்க வேண்டும். மலிவு விலையில் வருகிற டி480களில் பெரும்பாலும் 1366க்கு 768 புள்ளித் திரைதான். சற்றுச் சரித்தால் நிறம் மாறும், வெளியில் கொண்டுபோனால் ஒன்றும் தெரியாது. ஒன்றரைக் கிலோவுக்கு மேல் பாரம். பிள்ளையின் புத்தகப் பையில் வேறு என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் போடவேண்டும்.

கரண்ட் விஷயத்தில் எக்ஸ்.ஓவுக்குக் கிட்ட வரலாம். இன்வேட்டர் வைத்து 12 வோல்ட்டை 230ஆக்கி, பிறகு சார்ஜர் அதை 20ஆக்குவது வீண் வேலை. வழியிலேயே ஒரு பங்கு சூடாகக் கரைந்துபோகும். டி480உம் இப்போதைய குரோம்புக்குகளும் டைப்-சி வழியாகச் சார்ஜ் ஆவதால், காருக்கென்று விற்கிற 45 அல்லது 65 வாட் பி.டி. சார்ஜரை (டைப்-சி வழியே லப்டொப்புக்கு வேண்டிய வோல்ட்டைக் கொடுப்பது) 12 வோல்ட் பற்றரியில் நேரே கொளுவலாம். வீடுகளில் யூ.பி.எஸ்.ஸுக்குள் இருக்கிற 7 ஆம்பியர்-மணிப் பற்றரியே 84 வாட்-மணி. ஈயப் பற்றரியைப் பாதிக்குமேல் இறக்கக்கூடாது, ஆகவே 42 என்று வையுங்கள். எழுதுவதும் வாசிப்பதும் மட்டுமென்றால் லப்டொப் 10 வாட் அளவில் எடுக்கும். மாற்றும்போது போகிற நட்டத்தைக் கழித்தாலும் மூன்றரை மணித்தியாலம் கிடைக்கும். மெஷினின் சொந்தப் பற்றரி அதற்கு மேலே.

மற்றவை

ராஸ்பெரி பை 400 கீபோட்டுக்குள்ளேயே கொம்பியூட்டர். 2020இல் 70 டொலருக்கு வந்தது. ஆசைப்படுத்தும். ஆனால் டிவி வேண்டும், டிவிக்குக் கரண்ட் வேண்டும், கரண்ட் திடீரென்று போனால் மெமரி கார்ட் கெடும். யூ.பி.எஸ். உள்ள வீட்டுக்குச் சரி. பானசோனிக் டஃப்புக் உண்மையிலேயே கடலுக்குள் போகிறவர்களுக்கு. விலையைக் கேட்டால் ஒரு வள்ளத்தின் நினைவு வரும். கைத்தொலைபேசிதான் உண்மையான போட்டியாளர், 2020-21இல் எங்கள் பிள்ளைகள் படித்ததே அதில்தான். வட்ஸ்அப்பில் வந்த நோட்ஸை வாசிக்கலாம். அதில் ஒரு கட்டுரை எழுதவோ எக்செல் பழகவோ முடியாது.

யாருக்கு எது

ஏ.எல். பிள்ளைக்கு, முக்கியமாக ஐ.சி.ரி. (தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம்) எடுக்கிறவருக்கு, பாவித்த திங்க்பேட் அல்லது லாட்டிடியூட், மறுபேச்சில்லை. பாடத்திட்டத்தில் பைதன் இருக்கிறது, தரவுத்தளம் இருக்கிறது. இவற்றைக் குரோம்புக்கிலும் லினக்ஸ் வழியாக ஓட்டலாம், ஆனால் 4 ஜிபியில் அது இழுத்து இழுத்துத்தான் ஓடும். ஒரு பாடசாலை, நன்கொடையாளர் ஒருவர் கிடைத்து இருபது முப்பது மெஷின் வாங்கப் போகிறதென்றால், அதுவும் மூதூர், ஈச்சிலம்பற்று மாதிரி பழுதுபார்க்க ஆள் தூரத்தில் உள்ள இடமென்றால், புதுக் குரோம்புக் நல்லது. விசிறி இல்லை, வைரஸ் தொல்லை இல்லை, ஒன்றைப் பத்துப் பிள்ளைகள் தங்கள் தங்கள் கணக்கில் பாவிக்கலாம். இணையம் இல்லாத பாடசாலைக்கு அதையே வாங்கிக் கொடுத்தால் தலைமையாசிரியரின் அலுமாரிக்குள் போய்ச் சேரும். தரம் 5 புலமைப்பரிசில் பிள்ளைக்கு லப்டொப் கேட்டு வருகிறவர்களிடம் இப்போதைக்கு வேண்டாம் என்றே சொல்வேன். களவேலை செய்கிறவர்கள், வெயிலில் நின்று கணக்கெடுக்கிறவர்கள், இவர்களுக்குத்தான் எக்ஸ்.ஓவின் திரை உண்மையாகத் தேவை. அப்படியொன்றை இன்று மலிவாகச் செய்கிற ஆள் இல்லை.

பாவித்ததை வாங்கப் போகிறீர்களென்றால் கடையில் நின்றே சில விஷயங்களைப் பாருங்கள். மூடியை ஒரு மூலையில் பிடித்து மெதுவாகத் திறவுங்கள். கிறீச்சென்றோ இறுகியோ வந்தால் வைத்துவிடுங்கள். சார்ஜர் வாய்க்குள் கைத்தொலைபேசி டோர்ச் அடித்துப் பச்சை இருக்கிறதா என்று பாருங்கள். டி480 என்றால் டைப்-சி வாய் இரண்டிலும் சார்ஜரை மாற்றி மாற்றிக் கொளுவிப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்துத் திங்க்பேட்டுகளில், அந்த வாயை இயக்குகிற தண்டர்போல்ட் ஃபேம்வேர் என்ற உள் மென்பொருளின் கோளாறால் அது செத்துப்போவது நடந்தது, லெனோவோ அதற்குத் திருத்தமும் வெளியிட்டது. திருத்தம் போட்டதா என்று கேளுங்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓடு முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட இன்டெல் எட்டாம் தலைமுறை வேண்டும். டி480லேயே ஏழாம் தலைமுறைச் சிப் போட்டு வந்ததும் உண்டு, வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. மெஷினை ஓடவிட்டுச் சிப்பின் இலக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஐ5க்குப் பிறகு 8250 அல்லது 8350 என்று எட்டில் தொடங்கவேண்டும். ஏழில் தொடங்கினால் லினக்ஸ் போடுகிறவருக்குக் குறையில்லை; ஆனால் எட்டின் விலையைக் கொடுக்காதீர்கள். கடைக்காரர் குறைக்க மாட்டேன் என்றால் பக்கத்துக் கடையிலும் டி480 இருக்கும்.